நாலு சீட்டு, அஞ்சு பேர், 27 கொண்டை ஊசி

தார் வண்டி வாங்கியவர்களுக்கு ஒரு தனிக் கவலை உண்டு. வாங்கியாகிவிட்டது, இனி இதை எங்கே கொண்டுபோய் ஓட்டுவது? காந்திபுரம் சிக்னலில் நிற்கவும், பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை இறக்கிவிடவும் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி தேவையே இல்லை. கியருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் குட்டி லீவர், வாங்கிய நாளில் நின்ற இடத்திலேயே நிற்கும். மாதத் தவணை மட்டும் நிற்காது.

கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் அந்த மகனுக்கும் இதுதான் கவலை. வண்டி வீட்டுக்கு வந்து 8 மாதம். ஒரு தடவைகூட ஃபோர் வீல் போடவில்லை. "ஒரு நாள் காட்டுக்குள்ள போயிட்டு வந்துரலாம்ப்பா" என்று கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சை எடுத்தார்.

எந்தக் காடு என்று யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் காடு என்றால் சத்தியமங்கலம்தான். அப்பா அங்கே வனத்துறையில் 26 வருடம் ஜீப் ஓட்டியவர். ஓய்வு பெற்று 11 வருடம் ஆகிறது. மகன் வீட்டோடு கோவைக்கு வந்த பிறகு, பண்ணாரி கோயிலுக்கு 2 முறை போனதோடு சரி, மலை ஏறவில்லை.

அப்பா சரி என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. "பிளான் நான் போடறேன். நீ வண்டியை ஓட்டு."

மகனிடம் ஏற்கெனவே ஒரு பிளான் இருந்தது. போனில் வரைபடமாகவே வைத்திருந்தார். விடியற்காலை 3 மணிக்குக் கிளம்புவது. கெம்பநாயக்கன்பாளையம் வழியாகக் கடம்பூர் மலை ஏறி, அங்கிருந்து மாக்கம்பாளையம் போகிற மண் தடத்தில் குரும்பூர்ப் பள்ளத்தையும் சர்க்கரைப் பள்ளத்தையும் தண்ணீரோடு தாண்டுவது. யாராவது வீடியோ எடுப்பது. திரும்பி வந்து சாயங்காலம் திம்பம் ஏறி, இருட்டிய பிறகு இறங்குவது. திம்பம் வளைவுகளில் தடுப்புச் சுவரின் மேல் சிறுத்தை உட்கார்ந்திருக்கும் வீடியோ எல்லார் போனிலும் வந்திருக்கிறதே, அது நமக்கும் கிடைக்காதா என்று ஒரு ஆசை.

அப்பா முழுசாகக் கேட்டார். பிறகு, "அந்தப் பள்ளம் ரெண்டும் உனக்கு விளையாட்டு. அந்த ஊர்க்காரங்களுக்கு அது ஆஸ்பத்திரிக்குப் போற வழி" என்றார். மழை பெய்து காட்டாற்றில் வெள்ளம் வந்தால் மாக்கம்பாளையம் பக்கத்து மலைக் கிராமங்கள் மணிக்கணக்கில் துண்டிக்கப்படும். பிரசவ வலியோடு கரையில் காத்திருந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். மேலே எங்கே மழை பெய்கிறது என்று கீழே நிற்பவனுக்குத் தெரியாது. தண்ணீர் சொல்லிவிட்டு வராது. "அங்க போய் வண்டியை எறக்கி வீடியோ எடுக்கறதுக்கு எனக்கு மனசு வராது."

இருட்டிய பிறகு திம்பம் என்ற யோசனைக்கு அவர் பதிலே சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2022 பிப்ரவரியிலிருந்து பண்ணாரிக்கும் காரப்பள்ளத்துக்கும் இடையே இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. கார்கள் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக முடியாது. தடை வந்தபோது தாளவாடி விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அவர்களுடைய தக்காளியும் முட்டைக்கோஸும் அந்த ஒரே மலைப்பாதையில்தான் கீழே வரவேண்டும். உள்ளூர்க்காரர்களுக்குச் சில தளர்வுகள் பிறகு வந்தன. சிறுத்தையைப் படம் பிடிக்க வருபவர்களுக்குத் தளர்வு எதுவும் இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'ஆஃப் ரோடு' என்று சொல்லி வண்டியைக் காட்டுக்குள் இறக்குவது வீரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சத்தியமங்கலம் 2008-ல் வனவிலங்கு சரணாலயம் ஆனது; 2013-ல் புலிகள் காப்பகம். சுமார் 1,408 சதுர கிலோமீட்டர். ஒரு பக்கம் முதுமலையும் பந்திப்பூரும், இன்னொரு பக்கம் கர்நாடகாவின் பிலிகிரிரங்கன் மலை. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலைக்கு யானைகள் நடந்து போகிற வழி இதுதான். புலிகளின் எண்ணிக்கையை இரு மடங்காக்கியதற்காக 2022-ல் சர்வதேச விருது வாங்கிய காடு. இதற்குள் அனுமதி இல்லாமல் சாலையை விட்டு இறங்கினால் 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சாலையிலிருந்து பத்தடி இறங்கினாலும் குற்றம்தான்.

"அப்ப ஃபோர் வீல் எங்கதாம்ப்பா போடறது?" என்று மகன் கேட்டார். குரலில் கொஞ்சம் அழுகையே இருந்தது.

அப்பா அன்றைக்கு ஒரு பாடம் எடுத்தார். அவர் ஓட்டிய பழைய ஜீப்பில் பெரிய கியரோடு இரண்டு குட்டி லீவர்கள் இருக்கும். ஒன்று முன் அச்சுக்கு. இன்னொன்று லோ கியருக்கு. தாரில் அந்த இரண்டு வேலையையும் ஒரே லீவர் செய்கிறது: டூ எச், ஃபோர் எச், நியூட்ரல், ஃபோர் எல். ஃபோர் எச் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும். வளைவில் முன்சக்கரம் கொஞ்சம் கூடுதல் தூரம் போகவேண்டும். மண் தரையாக இருந்தால் சக்கரம் லேசாக வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடம் ஏது? ஸ்டியரிங் பிடிக்கும், உள்ளே எல்லாம் முறுக்கிக்கொள்ளும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவும் தார் ரோடுதான். ஆக, அங்கே அந்த லீவரைத் தொடவே கூடாது.

"ஃபோர் வீலு உள்ள போறதுக்கு இல்லடா. மாட்டிக்கிட்டா வெளிய வர்றதுக்கு" என்று முடித்தார்.

மகனின் முகத்தைப் பார்த்தோ என்னவோ, ஒரு வழியும் சொன்னார். ஆசனூருக்கு மேலே, அரேப்பாளையம் பக்கத்தில், அவரோடு வேலை பார்த்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரின் தோட்டம் இருக்கிறது. பட்டா நிலம். தார் ரோட்டிலிருந்து வீடு வரைக்கும் முந்நூறு அடிக்குக் களிமண் தடம். "மழை பெஞ்சா டிராக்டரே திணறும். அங்க போட்டுக்கோ உன்ற ஃபோர் வீலை."

கோவையிலிருந்து போக வர 200 கிலோமீட்டருக்கு மேல். அதில் முந்நூறு அடி. மகன் ஒப்புக்கொண்டார்.

அப்பா ஏன் இந்தப் பிளானில் இவ்வளவு கறாராக இருந்தார் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. ஆவணி மாதம் கண் டாக்டர் அவருக்கு க்ளாக்கோமா என்று சொல்லியிருந்தார். கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி நரம்பைக் கெடுக்கிற நோய். வலி இருக்காது. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். போன பார்வை திரும்ப வராது. சொட்டு மருந்தால் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், அவ்வளவுதான். அவருக்கு இடது கண்ணில் நடுப்பகுதி மட்டும் மிச்சம். வலது கண் பரவாயில்லை. "இனி வண்டி ஓட்ட வேண்டாம்" என்று டாக்டர் சொன்னபோது அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து ஸ்கூட்டர் சாவியை மருமகளிடம் கொடுத்துவிட்டார்.

காட்டில் ஜீப் ஓட்டுகிறவனுக்கு வேலையே ஓரக்கண்ணில்தான். நேர் எதிரே ரோடு தெரிந்தால் போதும். யானை பக்கத்திலிருந்துதான் வரும். மூங்கில் புதருக்கும் உண்ணிச்செடிக்கும் நடுவில் ஒரு காது அசைவதை, வால் நுனி ஆடுவதைப் பார்க்கிற ஓரக்கண். அவருக்குப் போனது அதுதான். இதை அவர் யாரிடமும் சொல்லிப் புலம்பவில்லை. காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு யார் எந்த சீட்டில் என்று எழுத ஆரம்பித்தபோதுதான் வீட்டில் இருந்தவர்களுக்கு விஷயம் புரிந்தது.

'பேத்தி - இடது பக்கம் பாக்கணும். அவ - வலது பக்கம் பாக்கணும்' என்று எழுதியிருந்தார். அவ என்றால் அவருடைய மனைவி.

பிரச்சினையும் அங்கேதான் வந்தது. அந்தத் தார் வண்டியில் நாலே சீட்டு. வீட்டில் அஞ்சு பேர். பின் சீட்டுக்குத் தனிக் கதவு கிடையாது. முன் சீட்டை மடக்கித்தான் ஏறவேண்டும். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம்.

அம்மா உடனே, "நீங்க போயிட்டு வாங்க. நான் வந்து என்ன பண்றேன்? கால் வேற" என்றார். இந்த வார்த்தையை நம் வீடுகளில் கேட்டுக் கேட்டு நமக்குக் காது மரத்துப்போயிருக்கிறது. வண்டியில் இடம் குறைந்தாலும் இலையில் பதார்த்தம் குறைந்தாலும் முதலில் விலகுவது ஒரே ஆள்தான். மற்றவர்களும் பெரிதாக மறுக்க மாட்டார்கள். இந்த முறை மறுத்தது அப்பா.

"அவ இல்லாம நான் போகலை."

அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை. மருமகள்கூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அம்மா சத்தியமங்கலத்தில் 26 வருடம் குடும்பம் நடத்தியவர். ஆனால் பண்ணாரியைத் தாண்டி மேலே போனதே இல்லை. கணவர் போவார், வருவார். எப்போது வருவார் என்று தெரியாது. வீட்டில் போன் கிடையாது. வீரப்பன் காலம் அது. 2000-ம் வருடம் ஜூலை 30-ம் தேதி ராத்திரி தாளவாடி பக்கம் தொட்டகாஜனூரில் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்திக்கொண்டு போனார்கள். 108 நாள் கழித்துத்தான் அவர் விடுதலை ஆனார். அந்த 108 நாளும் அம்மாவுக்குத் தூக்கம் என்பது உட்கார்ந்த வாக்கில் கண் அசருவதுதான். ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போவார். அது நம் வீட்டு ஜீப்பா, வேறு ஜீப்பா என்று சத்தத்திலேயே தெரியும் என்பார். 2004 அக்டோபரில் வீரப்பன் கதை முடிந்த பிறகுதான் அந்தப் பழக்கம் விட்டது. திம்பம், தலமலை, காரப்பள்ளம், கெத்தேசால் என்று பெயராகவே கேட்டு, பெயராகவே பயந்த இடங்கள் அவை. ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

"நாங்க நாலு பேரும் போயிட்டு, அத்தை வீட்டுல இருக்கறது நல்லா இல்லைங்க மாமா. நான் இருந்துக்கறேன்" என்று மருமகள் சொன்னார். பேத்தி உடனே அம்மா வராமல் தானும் வரமாட்டேன் என்றாள். பேத்தியை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று மகன் சொன்னதற்கு, "ஒன்பது வயசுப் புள்ளையை மடியிலயா? கொண்டை ஊசியில பிரேக் அடிச்சா எங்க போயி நிக்கும்?" என்று அப்பா கேட்டார். வாடகைக் கார் பேசலாம் என்றால் தார் வீட்டில் நிற்கும். அது மகனுக்கு ஆகாது. 2 நாள் இதே பேச்சு.

மூன்றாம் நாள் தீர்வு சொன்னவர் மருமகள். "மாமா, அந்த வழியில பஸ் போகுமில்லீங்க?"

போகும். சத்தியமங்கலத்திலிருந்து தாளவாடிக்கும் மைசூருக்கும் பஸ் இருக்கிறது. அதே 27 வளைவு, அதே காடு. "நான் பண்ணாரியில பஸ் ஏறிக்கறேன். ஆசனூர்ல எறங்கிக்கறேன். எனக்கு ஜன்னல் சீட்டு கிடைச்சா போதும்" என்றார். மாமனார் கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, போகும்போது மருமகள் பஸ்ஸில், இறங்கும்போது தானும் மனைவியும் பஸ்ஸில் என்று எழுதினார். ஏன் என்று மகன் கேட்டதற்கு, "எறங்கும்போது அம்மாளுக்குக் கால் மடக்கி உக்கார முடியாது" என்று மட்டும் சொன்னார்.

ஆசனூரிலிருந்து தோட்டத்துக்கு 2 நடை அடித்தால் போதும். எல்லார் கணக்கும் சரியாகிவிட்டது.

அடுத்த 10 நாள் அந்த வீடு ஒரு சின்ன வனச்சரக அலுவலகமாகவே மாறிப்போனது.

முதலில் ஸ்டெப்னி. 8 மாதமாக வண்டிக்குப் பின்னால் தொங்குகிறது. யாரும் காற்றுப் பார்க்கவில்லை. பார்த்தால் பாதிதான் இருந்தது. அடுத்து ஜாக்கி. "அது எங்க இருக்குதுன்னு தெரியுமா?" மகனுக்குத் தெரியவில்லை. அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் வைத்து ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டச் சொன்னார். வாட்ச்மேன் வேடிக்கை பார்க்க, சட்டை நனைய 40 நிமிஷம் ஆனது. மறுநாள் மறுபடியும் செய்யச் சொன்னார். 18 நிமிஷம். மண்ணில் ஜாக்கி புதைந்துபோகும் என்று அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டும் வண்டியில் ஏறியது. அதோடு ஒரு விதியும் சொன்னார்: காட்டு ரோட்டில் பஞ்சர் ஆனால் இறங்கக் கூடாது, மெதுவாக உருட்டிக்கொண்டு ஆள் இருக்கிற செக்போஸ்ட் வரைக்கும் போய்விட வேண்டும். "டயர் போனா வாங்கிக்கலாம்."

நேரக் கணக்கு அதைவிடக் கறார். மார்கழி முதல் வாரம். மழை ஓய்ந்திருக்கும், காடு பச்சையாக இருக்கும், தீப்பிடிக்கும் காலம் இன்னும் வரவில்லை. ஆனால் பகல் குறைவு. 6 மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். மாலை 4 மணிக்கு மேல் யானைகள் தண்ணீருக்காக ரோட்டைக் கடக்கத் தொடங்கும். அதனால் ஆசனூரிலிருந்து மூன்றரைக்குக் கிளம்ப வேண்டும், 5 மணிக்குள் பண்ணாரி. காலையில் 5 மணிக்குக் கோவை, அன்னூர், புளியம்பட்டி வழியாக ஏழரைக்குப் பண்ணாரி. அம்மனைக் கும்பிட்டு, சாப்பிட்டு, எட்டரைக்கு மலை.

பெண்களுக்கு வழியில் கழிவறை எங்கே என்பதையும் அவர் தனியாக எழுதியிருந்தார்: பண்ணாரியில் ஒன்று, ஆசனூரில் ஒன்று, இடையில் இல்லை. ஆண்கள் போடும் சுற்றுலாத் திட்டங்களில் இந்த வரி பெரும்பாலும் இருக்காது. மருமகள் அதைப் படித்துவிட்டு மாமனாரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

சாப்பாடு புளிசாதம், தயிர்சாதம், எவர்சில்வர் டப்பாவில். பிளாஸ்டிக் எதுவும் கூடாது. காட்டுக்குள் எங்கும் நிறுத்திச் சாப்பிடக் கூடாது. திம்பத்தில் குரங்குக்கு எதையும் போடக் கூடாது. அவருடைய சொட்டு மருந்து பேத்தியின் பொறுப்பு.

பேத்திக்குத்தான் யானைப் பாடம். தினம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும்.

"அப்பாரு, யானை வந்தா என்ன பண்ணோணும்?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது. அதுதான் கஷ்டம்."

தூரத்திலேயே வண்டியை நிறுத்த வேண்டும். ஹார்ன் அடிக்கக் கூடாது, லைட் போட்டு அணைக்கக் கூடாது, கத்தக் கூடாது, கண்ணாடியை இறக்கக் கூடாது. அது காதை ஆட்டிக்கொண்டு மேய்ந்தால் பயம் இல்லை. ஆட்டுவதை நிறுத்திவிட்டு காதை விரித்துக்கொண்டு நம்மைப் பார்த்தால் அதற்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். மெதுவாகப் பின்னால் போய்விட வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் ஈரமாகக் கோடு இருந்தால் மதநீர். அந்த ஆணிடம் எந்தப் பேச்சும் வேண்டாம். குட்டியோடு கூட்டமாக வந்தால், ஒன்று கடந்ததும் வண்டியை எடுக்கக் கூடாது. "கடைசி யானை எதுன்னு நமக்குத் தெரியாது கண்ணு."

கரும்பு லாரி கதையையும் சொன்னார். தாளவாடியிலிருந்து ஆலைக்குக் கரும்பு ஏற்றி வரும் லாரிகளை ஆசனூர், காரப்பள்ளம் பக்கம் யானைகள் வழிமறித்து, கட்டுக்கட்டாக உருவிச் சாப்பிடும். டிரைவர்களே பாவம் பார்த்து ரோட்டோரம் கொஞ்சம் வீசிவிட்டுப் போனதுதான் ஆரம்பம். அந்த ருசியில் யானைகள் ரோட்டிலேயே நிற்கப் பழகின. "நல்லது பண்றோம்னு நெனச்சுத்தான் பண்ணினாங்க" என்றார் அப்பா. பேத்தி நோட்டில் எழுதிக்கொண்டாள்.

போகும் நாளுக்கு முந்தைய ராத்திரி, அம்மா பட்டுப்புடவை எடுக்கலாமா, நூல் புடவை போதுமா என்று மருமகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "காட்டுக்குத்தானே அத்தை" என்றார் மருமகள். கடைசியில் பட்டுப்புடவைதான்.

பயணம் பிளான்படி நடந்ததா என்றால், முக்கால்வாசி நடந்தது.

பண்ணாரி சோதனைச்சாவடியில் வண்டியைப் பதிவு செய்யும்போது, அங்கே இருந்த இளம் வனக்காப்பாளர் ஒருவர் அப்பாவை யாரென்று தெரியாமல், "பெரியவரே, வழியில எங்கயும் நிறுத்தக் கூடாதுங்க, எறங்கக் கூடாதுங்க" என்று சொன்னார். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா கையமர்த்திவிட்டு, "சரிங்க தம்பி" என்றார்.

நாலாவது வளைவைத் தாண்டியதும் பனி. அதற்கு மேல் ஒரு வளைவில் லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. ஓரத்தில் இடம் இருக்கிறது, நுழைத்துவிடலாம் என்று மகன் ஆக்சிலேட்டரில் கால் வைத்தார். "ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழி. ஆனா வழி இருந்தாத்தான்" என்றார் அப்பா. பேத்தி இடது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வலது பக்கம். இருவருக்கும் பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இருவரும் கண்ணை எடுக்கவில்லை.

யானை வந்தது. தாரில் வந்தவர்கள் பார்க்கவில்லை. பின்னால் பஸ்ஸில் வந்த மருமகள்தான் பார்த்தார். ஆசனூருக்கு முன்னால் 5 யானைகள், நடுவில் ஒரு குட்டி. டிரைவர் பஸ்ஸை நிறுத்தி, அத்தனையும் கடந்து போகும் வரைக்கும் காத்திருந்தார். தார் அந்த இடத்தைக் கடந்து 10 நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஆசனூரில் பஸ்ஸை விட்டு இறங்கிய மருமகள் இதைச் சொல்ல, மகன் தன் வண்டியை ஒரு முறை, பஸ்ஸை ஒரு முறை பார்த்தார். பேத்தி, "கடைசி யானை எதுன்னு தெரிஞ்சுதா அம்மா?" என்று கேட்டாள்.

தோட்டத்துக்குத் திரும்பும் இடத்தில் தடம் அப்பா சொன்னபடியே சேறாக இருந்தது. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, லீவரை ஃபோர் எல்லுக்குத் தள்ளச் சொன்னார். "முதல் கியர். ஆக்சிலேட்டரை மிதிக்காத. கிளட்ச்சை விட்டுட்டு சும்மா உக்காரு, அதுவே போகும்." போனது. நடந்து போகிற வேகத்தில், சேற்றைப் பிசைந்துகொண்டு, ஒரு ஆட்டம் இல்லாமல் போனது. மகன் முகத்தில் 8 மாதத் தவணையும் வசூலான சந்தோஷம். இரண்டாவது நடையில் மருமகளையும் அப்படியே ஏற்றிக்கொண்டு போனார். மூன்றாவதாக யாரும் இல்லாமலே ஒரு தடவை போய் வந்தார்.

அந்த நண்பர் வாசலில் நின்றிருந்தார். ஊராளி இனத்துக்காரர். இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஜீப்பில் அப்பாவுக்குப் பக்கத்து சீட்டில் பல வருடம் உட்கார்ந்து, "அண்ணா, நில்லு" என்று சொன்னவர் அவர்தான். ஏன் என்று அப்பா கேட்டதே இல்லை. அவர் நில்லு என்றால் நிற்பார். சில சமயம் யானை இருக்கும். சில சமயம் வேறு ஏதாவது. அப்பா நேராக அவர் முன்னால் போய் நின்று, தோளைப் பிடித்து, தலையைக் கொஞ்சம் அப்படியும் இப்படியும் திருப்பி, முகத்தை முழுசாகப் பார்த்தார். ஓரம் தெரியாத கண்ணுக்கு ஒரு முகத்தைப் பார்க்க அப்படித்தான் பார்க்க வேண்டும்.

"ஏனண்ணா, இப்படிப் பாக்குற?"

"தாடி வெச்சிருக்கியான்னு பார்த்தேன்."

ராகிக்களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் கொடுத்தார்கள். கொண்டுபோன புளிசாதத்தை அந்த வீட்டுப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். இரண்டு கிழவர்களும் திண்ணையில் உட்கார்ந்து அதிகம் பேசவில்லை. செத்துப்போனவர்களின் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டார்கள். அம்மாவும் அந்த வீட்டுப் பெண்ணும்தான் நிறையப் பேசினார்கள். ஜீப் சத்தத்துக்குக் காத்திருந்த கதை அந்த அம்மாளிடமும் இருந்தது.

மூன்றரைக்குக் கிளம்ப வேண்டியது நாலாகிவிட்டது. பிளானில் அந்த அரை மணி நேரத்துக்குப் பொறுப்பு அப்பாவேதான். ஆகவே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆசனூரில் கீழே போகிற பஸ் வந்தது. கூட்டம் இல்லை. டிரைவருக்கு இடது பக்கம், முன் கண்ணாடியை ஒட்டிய சீட்டு காலியாக இருந்தது. அப்பா மனைவியை ஜன்னல் ஓரம் உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிரே சுவர் அளவுக்கு அகலமான கண்ணாடி. தாரை விட உயரம். கழுத்தைத் திருப்பாமலே ரோடு முழுக்கத் தெரிந்தது. மகனுக்கு அப்போதுதான் உறைத்தது, இறங்கும்போது பஸ் என்று அப்பா எழுதியது அம்மாவின் முழங்காலுக்காக மட்டும் இல்லை என்று.

"ரெண்டு பண்ணாரி" என்று டிக்கெட் வாங்கினார்.

திம்பம் தாண்டி வளைவுகள் தொடங்கின. பஸ் இரண்டாவது கியருக்கு இறங்கியது. பனி விலகி, கீழே சமவெளி வரைக்கும் தெரிந்தது. ஒவ்வொரு வளைவும் வருவதற்கு முன்னால் அதன் எண்ணை அவர் சொல்லிக்கொண்டே வந்தார். பலகை அதற்குப் பிறகுதான் வந்தது. இங்கே ஜீப்பில் ரேடியேட்டர் கொதித்தது. இங்கே கரடி. இங்கே ஒரு மழை ராத்திரி மரம் விழுந்து, விடியும் வரைக்கும் இரண்டு பேரும் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மா பட்டுப்புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஏனுங்க, ஆடி மாசம் 3 நாள் வூட்டுக்கு வரலையே... அது இங்கயா?"

"இல்ல. அது அடுத்த வளைவு."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அடுத்த வளைவுக்காகக் காத்திருந்தார்.